மிச்சமும் கிருபையும்: பாமாவை மறுபடி வாசிக்கும்போது

'கருக்கு'வை நான் முதன்முதலாக வாசித்தது கல்லூரி விடுதியில். ஒரே இரவில் முடித்தேன். அழுதேன். அழுததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நிலபுலன் உள்ள, கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டுப் பின்வாசலில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனி டம்ளர் ஒன்று சுவரோரம் கவிழ்ந்து கிடக்கும். அதைக் கழுவும் வேலை எங்கள் யாருக்கும் வந்ததில்லை. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒருத்தி இந்தப் புத்தகத்துக்காக அழுகிறாள் என்றால் அவள் நல்லவளாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

புத்தகத்தை மூடியபோது மிஞ்சிய உணர்ச்சி ஆறுதல். இவ்வளவு பட்ட பிறகும் பாமா கடவுளை விட்டுவிடவில்லை, ஆகவே எங்களையும் மன்னித்துவிட்டார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பிறகு ஆசிரியையாகி, அதே புத்தகத்தைப் பல வருடங்கள் வகுப்பில் நடத்தினேன். கிறிஸ்துவின் அன்பும் மன்னிப்பும் சாதிப் பிளவை ஆற்றும் மருந்து என்று எழுதிய விடைத்தாள்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டேன்.

அந்த வாசிப்பு தவறு என்று எனக்குக் காட்டியவள் என் அண்ணன் மகள். அவள் ஒரு தலித் கத்தோலிக்கப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். ஒரே மதம், ஒரே சபை, ஒரே மறைமாவட்டம். வீடு மறுத்தது. பங்குத்தந்தை, பெற்றோரின் மனம் இளகட்டும், ஜெபம் செய்வோம் என்று சொல்லித் திருமண ஓலை வாசிப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். குடும்பம் கூடிப் பேசிய அன்று நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அத்தை, நீங்க அந்தப் புத்தகத்தை க்ளாஸ்ல நடத்துறீங்கதானே?"

அதற்குப் பிறகுதான் 'கருக்கு'வையும் 'சங்கதி'யையும் மறுபடி எடுத்தேன். இம்முறை ஒரு கேள்வியோடு வாசித்தேன். கிருபை பிளவை ஆற்றும் என்கிறோமே, அந்தக் கிருபை யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? அதற்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்?

கிருபை என்பது சீர்திருத்த சபைகளில் வழங்கும் சொல். கத்தோலிக்கர்கள் இன்று அருள் என்கிறோம். பழைய ஜெபப் புத்தகங்களில் இஷ்டப்பிரசாதம் என்று இருக்கும். எந்தச் சொல்லானாலும் பொருள் ஒன்றுதான்: தகுதி பார்க்காமல், விலை வாங்காமல், கடவுள் மனிதருக்குத் தருவது. உழைத்துச் சம்பாதிக்க முடியாதது. யாருக்கும் கூடுதல் உரிமை இல்லாதது. இந்தக் கருத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் சாதிக்கு நிற்க இடம் இருக்காது. பிறப்பைக் காட்டி யாரும் மேலே உட்கார முடியாது. யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர், ஆண், பெண் என்ற வேறுபாடு கிறிஸ்துவுக்குள் இல்லை என்று பவுல் எழுதியதன் பொருளும் அதுதான்.

ஆனால் சாதியும் ஒருவகையில் உழைக்காமல் கிடைப்பதுதான். நான் எதுவும் செய்யாமலே எனக்கு முன்வரிசை கிடைத்தது. நிலம், பெயர், கான்வென்ட் பள்ளி, சாமியாரோடு சமமாக உட்கார்ந்து காபி குடிக்கும் உரிமை எல்லாம் பிறக்கும்போதே வந்தன. "கடவுள் கிருபையில் நல்லா இருக்கோம்" என்று எங்கள் வீட்டில் தினமும் சொல்வோம். சாதி கொடுத்ததைக் கடவுள் கொடுத்ததாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எங்கள் வீட்டில் கிருபை என்ற சொல் எங்கள் சாதியை ஒருநாளும் தொந்தரவு செய்யாமல் போனதற்கு இந்தப் பழக்கமே காரணம்.

இது எங்கள் வீட்டோடு முடிகிற கதை இல்லை. மதுரையில் ராபர்ட் தெ நோபிலி 1606ல் பிராமணரைப் போல வாழ்ந்து உயர்சாதியினரிடையே மறைபரப்பினார். தாழ்த்தப்பட்டவர்களிடம் பழகினால் அந்தப் பணி கெட்டுவிடும் என்பதால், 1640 முதல் அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். நற்செய்தி ஒன்று, அதைக் கொண்டுவருகிறவர்கள் இரண்டு வகை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் கால்சட்டை போல இரண்டு கிளையாக இருந்தது. ஒரு பக்கம் வேளாளர், இன்னொரு பக்கம் நாடார், நடுவே சுவர், இரண்டும் சேரும் இடத்தில் ஒரே பீடம். ஒரே பீடத்திலிருந்து ஒரே நற்கருணை இரண்டு பக்கமும் போனது. சுவர் மட்டும் அப்படியே நின்றது. 1910ல் அது இடிக்கப்பட்டபோது வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. எத்தனையோ ஞாயிறுகளின் பிரசங்கம் செய்யாததைக் கடப்பாரை செய்தது. இடித்ததை எதிர்த்தவர்கள் திவ்விய நற்கருணையை நாள் தவறாமல் வாங்கியவர்கள்தான்.

நூறு வருடங்களுக்குப் பிறகும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய கோயிலில் தங்களுக்குச் சம இடம் இல்லை என்பதால் எழுந்த கோரிக்கை அது. கலவரம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே சபை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் ஒரு சுவர் பிரித்து வைத்திருக்கிறது. சபைக்குள் சாதி இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தலித் ஒருவர் கர்தினால் ஆக 2022வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியோடு 'கருக்கு'வுக்கு வருகிறேன். அதில் என்னால் மறக்க முடியாதவர் பாட்டி. நாயக்கர் வீட்டில் நாளெல்லாம் உழைக்கிறார். தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள், கையில் ஏந்திக் குடிக்கிறார். வேலை முடிந்ததும் கொண்டுவந்த பாத்திரத்தைச் சாக்கடை ஓரமாக வைக்கிறார். வீட்டுக்கார அம்மாள் தள்ளி நின்று, குனிந்து, மிச்சத்தை அதில் கொட்டிவிட்டுப் போகிறார். இனி இப்படி வாங்காதே என்று பேத்தி சொல்கிறாள். பாட்டிக்கோ அவர்கள் சோறு போடுகிற மகாராசாக்கள்.

முதல் வாசிப்பில் இந்த இடத்தில் பாட்டியின் வெகுளித்தனத்துக்காக இரக்கப்பட்டேன். இப்போது வாசிக்கும்போது பாட்டி பேசும் மொழி எனக்கு மிகவும் பழக்கமானதாக இருக்கிறது. மேலே இருப்பவர் தருகிறார், கீழே இருப்பவர் ஏந்துகிறார், தந்தவரைப் போற்றுகிறார். கோயிலில் நாங்கள் கடவுளிடம் பேசும் மொழியும் இதுதான். ஆண்டை என்பதும் ஆண்டவர் என்பதும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் தாழ்த்தப்பட்ட சாதிகளிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை. அதே சொல்லைத்தான் சபைகள் இறைப்பணிக்கு எடுத்துக்கொண்டன. இந்தச் சொற்களால் ஜெபிக்கிற ஒருவருக்குக் கிருபை என்பது எப்படிக் கேட்கும்? பெரிய வீட்டிலிருந்து விழும் மிச்சத்தைப் போலக் கேட்க வாய்ப்பு உண்டுதானே. பெரிய வீட்டில் பிறந்த எனக்கோ கொட்டிக் கொடுக்கும் கையில் என்னைப் பொருத்திக்கொள்வது சுலபமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த நாயக்கர் வீடு கிறிஸ்தவ வீடு இல்லை. ஆனால் அங்கே பாட்டிக்கு நடந்தது, வேறு உடுப்பில், கன்னியர் நடத்தும் நிறுவனங்களில் பேத்திக்கு நடக்கிறது. விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டருக்குத் தாழ்ந்த சாதிப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது, இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்பதுபோல ஏசுகிறார். பிறகு கல்லூரியில், வீட்டில் சின்னவர்களின் முதல் நற்கருணைக்குப் போக விடுப்புக் கேட்கிறாள். உங்கள் சாதியில் இதற்கெல்லாம் என்ன பெரிய கொண்டாட்டம் என்ற தொனியில் மறுப்பு வருகிறது. சாதிக்கு ஒரு சட்டமா என்று அவள் வாதாடித்தான் ஊருக்குப் போகிறாள்.

நற்கருணை என்பது கத்தோலிக்கருக்கு அருளின் உச்சம். ஒரே அப்பம், ஒரே பந்தி. அந்தப் பந்தியில் ஒரு குழந்தை முதன்முதலாக உட்காரும் நாளிலும் சாதிதான் முதலில் பேசுகிறது. பேசுகிறவர்களும் அருளைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள். சபையைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் சொல்லக்கூடியதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

ஏழைகள்மேல் அன்பு கொண்ட ஒரு பெண் தோற்றுவித்த சபை என்று நம்பி, தலித் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்ற ஆசையில் அவள் துறவறத்துக்குப் போகிறாள். பயிற்சிக் காலத்திலேயே ஒரு சிஸ்டர் சொல்கிறார்: சில சபைகளில் அரிசனப் பெண்களைச் சேர்ப்பதில்லை, எங்கோ அவர்களுக்கென்று தனிச் சபையே உண்டு. மடத்தின் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள், தலித் பிள்ளைகள் கூட்டுகிறார்கள், கழுவுகிறார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். ஏழு வருடம் கழித்து அவள் வெளியேறுகிறாள்.

'கருக்கு' கிருபையைப் பற்றி வைக்கும் விமர்சனத்தின் மையம், தனக்குக் கற்பிக்கப்பட்ட கடவுளைப் பற்றி அவர் எழுதும் பகுதியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணிவு, பொறுமை, கீழ்ப்படிதல் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அநீதியைக் கண்டு கோபப்படுகிற, ஒடுக்குகிறவர்களை எதிர்க்கிற கடவுளைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்கிறார். கிருபையைப் பற்றிய பேச்சில் நீதி விடுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது பதில். மேலே இருப்பவருக்கு எதுவும் செலவாகாது. கீழே இருப்பவருக்குத்தான் பொறுத்துப்போ, மன்னி, மறந்துவிடு என்று வேலை வரும். ஹிட்லரின் ஜெர்மனியில் வாழ்ந்த இறையியலாளர் போன்ஹோஃபர் 1937ல் வெளியான தன் புத்தகத்தில் இதற்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். மனமாற்றம் கேட்காமல் வழங்கும் மன்னிப்பு என்பது அவர் கருத்து. நம் ஊருக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே அந்தக் கிருபை மலிவாக இருப்பது ஒரு தரப்புக்கு மட்டும்தான். அதன் முழு விலையையும் இன்னொரு தரப்பு கட்டுகிறது.

அரசும் இந்த மலிவுக் கணக்கில் கூட்டாளி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற வாதத்தால் தலித் கிறிஸ்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்பது பவுலின் வாயில் ஒரு கட்டளை. கோப்பில் ஏறும்போது அது நடந்து முடிந்த ஒன்றாகிவிடுகிறது. சேரியில் இருக்கும் பெண் அதே சேரியில்தான் இருக்கிறாள், அதே வயலில்தான் வேலை செய்கிறாள். சலுகை மட்டும் போய்விட்டது. மதம் மாறியதால் தம் மக்கள் இழந்ததைப் பாமாவும் எழுதியிருக்கிறார்.

1994ல் வந்த 'சங்கதி' இந்தக் கேள்வியைப் பெண்களின் பக்கத்திலிருந்து இன்னும் கூர்மையாக்குகிறது. அதில் மாரியம்மாவின் கதை வருகிறது. வயக்காட்டில் கைவைக்க வந்த நிலக்காரனிடமிருந்து தப்பி ஓடுகிறாள். அவனோ தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அவளையும் ஒரு பையனையும் சேர்த்துப் பழி சுமத்துகிறான். ஊர்க் கூட்டம் கூடுகிறது. ஆண்கள் பேசுகிறார்கள். உண்மை தெரிந்த பெண்கள் வாயைத் திறந்தால் அடக்குகிறார்கள். பையனைவிட அவளுக்குக் கூடுதல் அபராதம். அவள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாக வேண்டும். தவறு செய்தவன் மன்னிப்பைப் பெறுகிறவனாக மாறிவிடுகிறான். மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கேட்கவைக்கப்பட்டது யார், தரவைக்கப்பட்டது யார்.

குடும்பத்துக்குள்ளும் அதே கதைதான். அடிக்கிற புருஷனிடமிருந்து விலக, இந்துவாக இருக்கும் தன் சாதிப் பெண்ணுக்குத் தீர்த்துக் கட்டும் வழக்கம் இருக்கிறது, கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த வாசலும் அடைபட்டிருக்கிறது என்பது 'சங்கதி'யில் வரும் முக்கியமான வாதம். கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்று சாமியார் சொல்வார். அந்தப் புத்தகம் வந்தபோது நாட்டில் நடப்பில் இருந்தது 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றைக் காட்டினாலே கிறிஸ்தவக் கணவனுக்கு விவாகரத்துக் கிடைக்கும். மனைவியோ கணவனின் பிறர்மனை உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இது 2001ல்தான் திருத்தப்பட்டது. அதுவரை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனை பெண்களிடம் மன்னித்துப் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருப்பார்கள்? சாதியால் அடிபட்டவளிடம் ஊரை மன்னிக்கச் சொல்கிற அதே குரல், புருஷனால் அடிபட்டவளிடம் வீட்டை மன்னிக்கச் சொல்கிறது. தலித் கிறிஸ்தவப் பெண் இரண்டையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் கிருபை வெறும் ஏமாற்றா? அப்படி எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் அது பொய்யாகும். குமரிப் பகுதியில் மார்பை மறைக்க உரிமை கேட்டு 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் கிறிஸ்தவ நாடார் பெண்கள். கடவுள் முன்னால் நீயும் நானும் சமம் என்று கேட்ட வார்த்தையை உடம்பில் உடுத்திக்கொண்டார்கள். சந்தையில் துணி கிழிக்கப்பட்டும் விடவில்லை. 1859ல் அரசு இறங்கிவந்தது. பாமாவுக்கும் படிப்பைக் கொடுத்தது கன்னியர் பள்ளிகள்தான். 'கருக்கு' 1992ல் வெளியானதும் மதுரையில் சேசு சபையினரோடு தொடர்புடைய ஒரு மையத்தின் வழியாகத்தான். சபையை அவ்வளவு கடுமையாகச் சாடும் புத்தகத்துக்குச் சபையோரத்திலிருந்தே கை கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

பாமாவும் வேதத்தைத் தூக்கிப் போடவில்லை. கருக்கு என்பது பனைமட்டையின் இரண்டு பக்கமும் இருக்கும் ரம்பம் போன்ற பல். முன்னுரையில் அதை இறைவார்த்தையின் இருபுறமும் கருக்கான வாளோடு அவர் சேர்த்துப் பார்க்கிறார். அந்த வாள் எபிரேயர் நிருபத்திலிருந்து வருவது. ஆறுதல் மருந்தாக நான் தேடிய வேதம் அவர் கையில் அறுக்கும் ஆயுதமாக இருக்கிறது. முதல் வாசிப்பில் நான் தவறவிட்டது இதைத்தான். மன்னிப்பைத் தேடி உள்ளே போனேன், தலைப்பே அறுக்கும் என்று சொல்லியிருப்பதைப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தில் பாமா எங்களை எங்கேயும் மன்னிக்கவில்லை. மன்னிப்பது அவர் வேலையும் இல்லை.

சுவிசேஷத்தில் ஒரு பெண் வருகிறாள். மாற்கு ஏழாம் அதிகாரம். சீரோபெனிக்கியா நாட்டவள், புற இனத்தவள், பெயர் இல்லை. மகளுக்குக் குணம் கேட்டு இயேசுவின் காலில் விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். மேசைக்குக் கீழே இருக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்துகிற துணுக்குகளைத் தின்கின்றனவே என்று அவள் மடக்குகிறாள். அந்தப் பேச்சுக்காகவே மகளுக்குக் குணம் கிடைக்கிறது. பிரசங்கங்களில் இதைத் தாழ்மையின் பாடமாகச் சொல்வார்கள்: துணுக்கே போதும் என்று கேட்டாளே, என்ன பணிவு!

பாட்டியின் பாத்திரத்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. அந்தப் பெண் தாழ்மையைக் காட்டவில்லை, வாதாடுகிறாள். இந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்கிறாள். இழிசொல்லை எடுத்து, அதையே தன் வாதத்துக்குப் படியாக்கிக்கொள்கிறாள். பேச்சில் தோற்பவர் கடவுளின் மகன். முதலில் மறுத்தவர், கேட்டபின் மாறுகிறார். அந்தக் கதையில் கிருபை மேலிருந்து சும்மா விழவில்லை. கீழிருந்து வந்த எதிர்ப்பேச்சைக் காதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் வருகிறது. விடுப்புக்காகக் கல்லூரியில் வாதாடிய பெண்ணும் பாட்டியிடம் மிச்சத்தை வாங்காதே என்று சொன்ன பேத்தியும் இவளுக்குச் சொந்தக்காரிகள். பேத்தி இன்னும் ஒரு படி மேலே போகிறாள், துணுக்கே வேண்டாம் என்கிறாள்.

கிருபை சாதிப் பிளவுக்கு மருந்து என்று இன்னமும் சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் மருந்தைக் குடிக்க வேண்டியது யார் என்பதைத் திருத்திச் சொல்ல வேண்டும். நோய் எங்கள் பக்கம் இருக்கிறது. தகுதியால் வந்ததல்ல என்று தெரிந்தும் நாங்கள் பிடித்துவைத்திருக்கும் முன்வரிசை, கல்லறையில் தனி இடம், கல்யாண விளம்பரத்தில் ஆர்.சி. என்பதற்குப் பக்கத்திலேயே வரும் சாதிப் பெயர், இவற்றை விடுவதுதான் எங்களுக்கு வரும் கிருபை. சாதியின் அடித்தளம் அகமணம் என்று அம்பேத்கர் 1916லேயே எழுதிவிட்டார். அகமணத்தைக் காவல்காப்பது பெண்களைக் கொண்டுதான். மகளுக்குப் புத்தி சொல்லும் அம்மா, சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் பாட்டி, கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அத்தை. உயர்த்திக்கொண்ட சாதிகளில் பிறந்த நாம், ஆண்கள் நம்மைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி எழுதுகிறோம், அது உண்மை. அதே வீட்டு வாசலில் நாமும் காவலுக்கு நிற்பதைப் பற்றி எழுதுவது குறைவு.

அண்ணன் மகள் ஓலை வாசிக்கக் காத்திருக்கவில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் மாமியார் சாப்பிடக் கூப்பிட்டனுப்பினார். போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், மன்னிப்புக் கேட்பதைப் பற்றியும். அந்த அம்மாள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. தரையில் எல்லோருக்கும் வரிசையாக இலை போட்டு, எனக்கும் போட்டு, கறி வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபோதுதான் கேட்டார்: "உங்க அண்ணன் வரலையாம்மா?"

அந்தக் கேள்வியை ஊருக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் சொன்னேன். இம்முறை கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த முறையும் சொல்வேன்.